பனியையும் வறட்சியையும் தாங்கும் பூச்செடிகள்



குளிர்நாடு என்றதும் ஈரம் மிகுந்த நாடு என்றே நம்மிற் பலர் எண்ணிக்கொள்கிறோம். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத் தலைநகராகிய டென்வர் இவ்வெண்ணத்தைப் பொய்யாக்கும். ராக்கி மலைத்தொடருக்குக் கிழக்கே, ஏறத்தாழ 1600 மீட்டர் உயரத்தில் உள்ளது அந்நகர். மழையும் உருகிய பனியும் சேர்ந்தும் அங்கே ஆண்டுச் சராசரி 400 மில்லிமீட்டரை எட்டுவதில்லை. குளிரோ, 2022 டிசம்பரில் சுழிக்குக் கீழே 31 டிகிரி செல்சியஸ் வரை இறங்கிற்று.

இத்தகைய ஊரிலே வீடுதோறும் பசும்புல் தரை வளர்த்தார்கள். நகருக்கு வேண்டிய நீரில் ஒரு பகுதி, மலைக்கு அப்பால் கொலராடோ ஆற்றுப் படுகையிலிருந்து, 37 கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கத்தின் வழியே வருகிறது. அந்த ஆறோ கடலைச் சென்றடைவதே அரிதாகிவிட்டது. எனவே, 1981ஆம் ஆண்டில் டென்வர் நீர் வழங்கு நிறுவனத்தார் சிறிதளவு நீரால் தோட்டம் போடும் முறையைப் பரப்ப முற்பட்டு, அதற்கு 'ஜெரிஸ்கேப்' என்று பெயரிட்டனர். 'ஜெரோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லுக்கு உலர்ந்தது என்பது பொருள். இதனை 'ஜீரோ' என்று பிழையாகக் கேட்டு, கல்லைப் பரப்பிவிட்டால் போதும் என்று கருதினவர்களும் உண்டு!

அத்தோட்டங்களுக்கு அழகூட்டுபவை பல்லாண்டுப் பூச்செடிகள். குளிர்காலத்தில் இவற்றுட் பலவற்றின் தண்டு பட்டுப்போகும். வேர் உயிரோடிருந்து இளவேனிலில் மீண்டும் துளிர்க்கும். இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். மண்ணிலுள்ள நீர் உறைந்துவிட்டால் வேர் அதனை உறிஞ்ச இயலாது. ஆகவே, கடும்பனியும் செடிக்கு ஒருவகை வறட்சியே. வறண்ட குளிர்நிலங்களிற் பிறந்த செடிகளை மாய்ப்பது பெரும்பாலும் குளிரன்று. குளிர்காலத்தில் வேரடியில் தேங்கும் ஈரமே அவற்றை அழுகச் செய்கிறது.

நீலப் பூங்கொத்துகளையுடைய 'ரஷ்யன் சேஜ்' ஆப்கானிஸ்தானத்து மலைப்பகுதிகளிலும் இமயத்தின் மேற்குப் பகுதியிலும் வளர்வது. பெயரில்தான் ரஷ்யா இருக்கிறது. அதன் சாம்பல் நிறம் வெயிலைத் திருப்பியனுப்ப உதவும். கொலராடோச் சமவெளிக்கே உரிய லையாட்ரிஸ் முழங்காலளவே வளரும். ஆயின் அதன் வேர் நான்கு மீட்டருக்கும் கீழே செல்வதுண்டு. வெளியே தெரியும் செடியைவிட மண்ணுக்குள் மறைந்திருப்பதே பெரிது.

வளர்க்கும் முறை நமக்கு வியப்பளிக்கும். தொழுவுரம் மிகுதியாக இடலாகாது. இட்டால் தண்டு மென்மையாக வளர்ந்து சாய்ந்துவிடும். களிமண்ணாயின் மேட்டுப்பாத்தி கட்டி, செடியின் அடியைச் சுற்றிச் சரளைக்கல் பரப்ப வேண்டும். ஆனால் நட்ட முதலாண்டில் தண்ணீர் ஊற்றியே ஆகவேண்டும். வேர் ஆழம் செல்லாத இளஞ்செடிக்கு வறட்சியைத் தாங்கும் ஆற்றல் ஏது? அதனையும் நாள்தோறும் தெளிக்காமல், இடைவெளி விட்டு ஆழமாகப் பாய்ச்சினால்தான் வேர் கீழ்நோக்கிச் செல்லும்.

உலர்ந்த தண்டுகளை இலையுதிர் காலத்திலேயே வெட்டிவிடுவதும் நன்றன்று. அவை பனியைப் பிடித்து வைத்து வேருக்குப் போர்வையாக்கும். இளவேனிலில் துளிர் கண்ட பின்னர் வெட்டலாம்.

நமது எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்த அஸ்கிளெபியஸ் செடி ஒன்று அங்கே செம்மஞ்சள் நிறத்திற் பூக்கிறது. மற்றவை தழைத்த பின்னரும் அது மண்ணுக்குள் உறங்கிக்கொண்டிருக்கும். பட்டுப்போயிற்றென்று தோண்டி எறிந்துவிடாதிருக்க, அனுபவமுள்ள தோட்டக்காரர்கள் அவ்விடத்தில் ஒரு குச்சியை அடையாளமாக நட்டு வைக்கிறார்கள்.