வலிப்பு நின்ற பின் வரும் நாட்கள்

(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவிகள் சங்க நலன்புரிக் குழுவினர் ஆற்றிய உரை)



வலிப்பு வருத்தத்தைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும், “நல்ல நாளில் வேறு பேச்சு இல்லையா?” என்று சிலர் கேட்டார்கள். உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு இந்த வருத்தம் உண்டென உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அப்படியென்றால் நூறு ஆண்டுகளில் இந்த வகுப்பறைகளில் எத்தனை பிள்ளைகள் அதோடு இருந்து படித்திருப்பார்கள்! ஒன்றிரண்டு தடவை விழுந்த பிறகு படிப்பையே விட்டுவிட்ட தோழிகளையும் எங்களில் பலருக்குத் தெரியும். அவர்களை வீட்டோடு நிறுத்தியது வலிப்பு வந்த அந்த இரண்டு நிமிடமல்ல. அதற்குப் பின் வந்த நாட்கள்.

வலிப்பு வரும்போது செய்ய வேண்டியவை இப்போது ஓரளவு எல்லோருக்கும் தெரியும். கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதில் பயனில்லை. வாய்க்குள் எதையும் வைக்கக்கூடாது. ஒருக்களித்துக் கிடத்தி மணிக்கூட்டைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, தெளியும் முன் அடுத்தது வந்தாலோ 1990 அம்புலன்ஸை அழைக்க வேண்டும். இவ்வளவோடு அதை விட்டுவிட்டுப் பிந்திய கட்டத்துக்கு வருகிறோம்.

வலிப்பு என்பது மூளையின் நரம்புக் கலங்கள் கூட்டமாக, கட்டுப்பாடில்லாமல் மின்துடிப்பு விடுவது. அதை அடக்க மூளையே ஒரு தடையைப் போடுகிறது. துடிப்பு நின்ற பிறகும் அந்தத் தடை உடனே விலகுவதில்லை. கன்னப் பொட்டுக்கு உள்ளே, நினைவையும் பயத்தையும் கவனிக்கும் பகுதிகள் அருகருகே இருக்கின்றன. வலிப்பு அங்கே தொடங்கியிருந்தால் பின்விளைவும் நினைவிலும் மனதிலுமே தெரியும். ஆகவே அழுகை, எரிச்சல், மறதி, காரணமில்லாத பயம் ஆகியவை வருத்தத்தின் வால். பிள்ளையின் குணம் கெட்டுவிட்டது என்று எண்ணிவிடக்கூடாது.

முதல் அரை மணித்தியாலம் பெரும்பாலும் மயக்கமும் குழப்பமும்தான். எங்கே இருக்கிறோம், சுற்றி நிற்பவர் யார் என்று தெரியாது. சிலர் எழுந்து நடக்கத் தொடங்குவார்கள். நாலு பேர் சேர்ந்து அமுக்கிப் பிடித்தால் அவர்கள் திமிறி அடிப்பார்கள். பிறகு “என்ன பலம் பாருங்கோ, இது மனிசப் பலமில்லை” என்று ஊர் பேசும். அந்தப் பலம் பயத்தில் வருவது. பிடிக்காமல், பாதையில் ஆபத்தானதை அகற்றி, பக்கத்தில் நடந்து, பெயரைச் சொல்லி மெல்லப் பேசுங்கள். எங்கள் ஊர் மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த ஊர். டச்சுக்குடாப் பக்கம் இருப்பவர்களுக்கு வாசலைத் தாண்டினால் அலை. முழுத் தெளிவு வரும்வரை கடற்கரைக்கும் கிணற்றடிக்கும் தனியே விடாதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. கைத்தொலைபேசியில் படம் பிடிக்காதீர்கள். வைத்தியருக்குக் காட்ட வீட்டார் எடுப்பது வேறு, அது நோயைக் கண்டறிய மிகவும் உதவும். உடுப்பு நனைந்திருந்தால் அவள் விழிக்கும் முன் ஒரு துணியால் மூடிவிடுங்கள். அன்றைய வெட்கத்தில் பாதியை அந்தத் துணி குறைத்துவிடும்.

குழப்பம் தெளிந்த பிறகு வரும் மனச்சோர்வைத்தான் வீடுகளில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மருந்துக்கு இலகுவில் கட்டுப்படாத வலிப்புள்ள 100 பேரிடம் அமெரிக்க வைத்தியர்கள் கேட்டறிந்து 2004இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதில் 43 பேருக்கு வலிப்பின் பின் மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. அவை பெரும்பாலும் ஒரு நாள் அளவுக்கு நீடித்தன. சிலருக்குச் சாக வேண்டும் என்ற எண்ணமும் வந்திருக்கிறது. ‘அசடன்’ நாவலை எழுதிய ருஷ்ய எழுத்தாளர் தொஸ்தயேவ்ஸ்கிக்கும் வலிப்பு இருந்தது. ஒவ்வொரு தடவையும் அதன் பின், ஏதோ பெருங்குற்றம் செய்துவிட்டவரைப் போன்ற பாரம் அவரை அழுத்தியதாக அவரை அறிந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். உலகம் போற்றும் அறிவாளிக்கே அப்படியென்றால், பதினைந்து வயதுப் பிள்ளை “நான் எல்லாருக்கும் கரைச்சல்” என்று அழுவதில் என்ன அதிசயம்? “அழாதே, ஒன்றுமில்லை” என்று வாயடைப்பதைவிட, “இது வலிப்பின் பின் வருகிறது, நாளைக்குள் இலேசாகும், நான் இங்கேதான் இருப்பேன்” என்பது மேல். இலேசாகாமல் இரண்டு கிழமை தொடர்ந்தால் அது வேறு மனச்சோர்வு, அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு. சாவைப் பற்றிப் பேசினால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். வைத்தியசாலைக்குப் போங்கள். இரவில் பேச ஆள் வேண்டுமென்றால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கம் இருக்கிறது.

இனிச் சொல்லப்போவதை வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். அடுத்தடுத்துப் பல வலிப்புகள் வந்த பிறகு சிலர் முழுதாகத் தெளிந்து, ஒரு நாளோ சில நாளோ வழமைபோல இருப்பார்கள். சாப்பிடுவார்கள், சிரிப்பார்கள். பிறகு திடீரென நித்திரை இல்லாமல் போகும். யாரோ கூப்பிடும் குரல் கேட்கும். வீட்டாரையே சந்தேகிப்பார்கள். தெய்வம் பேசுகிறது என்பார்கள். சிலர் ஆவேசத்தோடு எழுந்து ஓடுவார்கள். 1988இல் பிரித்தானிய வைத்தியர்கள் இருவர் இந்நிலைக்கு வரையறை வகுத்தபோது, மனம் தெளிந்து ஒரு வாரத்துக்குள் தொடங்குவது என்று காலக் கணக்கையும் சேர்த்தார்கள். இடையில் வரும் அந்த நல்ல நாட்கள்தான் வீட்டாரை ஏமாற்றுகின்றன. வலிப்பு போன கிழமைச் சங்கதி, இது புதிதாகப் பிடித்த பேய் என்று நினைத்து நூல் கட்டவும் கழிப்புக் கழிக்கவும் கொண்டு ஓடுகிறார்கள். கோயிலுக்குப் போவதை நாங்கள் குறை சொல்லவில்லை, நாங்களும் பத்திரகாளி அம்மனுக்கு நேர்த்தி வைப்பவர்கள்தான். ஆனால் முதலில் பெரியாஸ்பத்திரி, பிறகு அம்மன். தகுந்த மருந்து கொடுத்தால் இது பெரும்பாலும் சில நாட்களிலோ சில கிழமைகளிலோ அடங்கிவிடும். கவனிக்காமல் விட்டால் பிள்ளை தன் உயிருக்கே ஆபத்து விளைவிக்கக்கூடும்.

குளிசைகளைப் பற்றியும் கொஞ்சம். லெவெடிராசெட்டம் போன்ற சில குளிசைகளே சிலருக்கு எரிச்சலையும் சோர்வையும் தரும். அதனால் கோபம் எப்போது தொடங்கியது, வலிப்பின் பின்னா, புதுக் குளிசை தொடங்கிய பின்னா என்று கவனியுங்கள். கவனித்ததை வைத்தியரிடம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள், திடீரென நிறுத்தினால் வலிப்பு ஓயாமல் வரக்கூடும். வல்புரோவேட் எடுக்கும் பெண்பிள்ளைகளுக்கு இன்னொரு பேச்சும் தேவை. அது வயிற்றில் வளரும் குழந்தையைப் பாதிக்கும் என்பதால், கல்யாணத்துக்கு வெகு முன்பே வைத்தியரோடு மாற்று மருந்தைப் பற்றிக் கதைக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரிந்துவிடும் என்று மருந்தை ஒளித்து, பிறகு விட்டுவிடும் கதைகள் எங்களிடம் நிறைய உண்டு. அயலிலுள்ள இந்தியாவில் இந்துத் திருமணச் சட்டத்திலிருந்து வலிப்பு என்ற சொல்லையே 1999இல் எடுத்துவிட்டார்கள். கல்யாணத் தரகர்கள்தான் இன்னும் எடுக்கவில்லை.

ஆசிரியைகளிடம் ஒரு வேண்டுகோள். வலிப்பின் மறுநாள் வரும் பிள்ளையிடம் முந்திய நாள் பாடத்தைக் கேட்காதீர்கள். அது அவள் நினைவில் பதியாமலே போயிருக்கலாம். சோதனையை இரண்டு நாள் தள்ளி வைத்தால் அதே பிள்ளை அதே கணக்கைச் செய்வாள். பக்கத்தில் இருக்கும் தோழியிடம் குறிப்புக் கொப்பியைக் கொடுக்கச் சொன்னால் போதும்.

வீட்டில் நாற்பது பக்க அப்பியாசக் கொப்பி ஒன்று வையுங்கள். வலிப்பு வந்த திகதி, நேரம், எத்தனை நிமிடம், முதல் நாள் நித்திரை எப்படி, குளிசை தவறியதா என்று எழுதுங்கள். அதற்குக் கீழே அடுத்த ஏழு நாளுக்கும் ஒவ்வொரு வரி: அழுதாள், கதைக்கவில்லை, நல்லாய்ச் சாப்பிட்டாள், இரவு முழுக்க விழித்திருந்தாள். கிளினிக்கில் வைத்தியருக்குக் கிடைப்பது சில நிமிடம்தான். அதற்குள் நூறு கேள்வி கேட்டாலும் கிடைக்காதது அந்தப் பக்கத்தில் இருக்கும்.

ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்கும் சகோதரிகளே, ஊரிலிருந்து அக்காவோ மச்சாளோ ரெலிபோன் எடுத்து, “பிள்ளைக்கு என்னவோ பிடிச்சிட்டுது, காசு கொஞ்சம் அனுப்பு, ஓராளிட்டக் காட்டப் போறம்” என்றால், காசு அனுப்பும் முன் ஒன்று கேளுங்கள்: “கடைசி ஒரு கிழமைக்குள்ள வலிப்பு வந்ததா?” ஓம் என்றால், இரவானாலும் பரவாயில்லை, கொப்பியையும் எடுத்துக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொல்லுங்கள். போய்ச் சேர்ந்துவிட்டார்களா என்று ஒரு மணித்தியாலத்தில் திரும்ப எடுத்துக் கேளுங்கள்.