திரைக்கு வந்து சேர்ந்தது எவ்வளவு?

வணிக நிறுவனங்களுக்கான மெய்நிகர் டெஸ்க்டாப் அமைப்புகளை ஒப்பிடும் இம்மாநாட்டின் தலைமைப் பொறுப்பு, அதை ஏற்பவருக்குப் பெருமையையும் அதே அளவு தயக்கத்தையும் தருவதாகும். பணியாளரின் கணினி தரவு மையத்துச் சர்வரில் இயங்க, அதன் திரைக்காட்சி மட்டும் அவருடைய மேசைக்கு வந்து சேரும் ஏற்பாடே மெய்நிகர் டெஸ்க்டாப் என்று நினைவூட்டுவதற்கு மேல், இத்துறையில் நெடுங்காலம் உழைத்தோர் நிறைந்த இந்த அவையில் அடிப்படைகளை விரித்துரைக்கத் தேவையில்லை.

ஒப்பீட்டுக்குரிய அமைப்புகளின் வரலாறும் அவையோர் அறிந்ததே. 1989இல் தோன்றிய சிட்ரிக்ஸ், ஒரே விண்டோஸ் சர்வரைப் பலர் பகிர்ந்துகொள்ளும் வின்ஃபிரேமை 1995இல் வெளியிட்டது. ஒவ்வொருவருக்கும் தனித்தனி மெய்நிகர் கணினி என்னும் முறையைப் பரப்பிய விஎம்வேரை பிராட்காம் 2023இல் வாங்கியது. விஎம்வேரின் மெய்நிகர் டெஸ்க்டாப் தயாரிப்பான ஹொரைசனைக் கொண்ட பிரிவு 2024இல் ஆம்னிசா என்னும் தனி நிறுவனமாயிற்று. அமேசான் வொர்க்ஸ்பேசஸ் 2013இல் அறிவிக்கப்பட்டது. மைக்ரோசாஃப்டின் சேவை 2019இல் வந்து, 2021இல் அஸூர் வர்ச்சுவல் டெஸ்க்டாப் எனப் பெயர் மாறியது. ஆளுக்கு மாதம் இவ்வளவு என்னும் நிலைக்கட்டணத்தோடு விண்டோஸ் 365 அதே ஆண்டில் வந்தது. உரிமம், பாதுகாப்பு, நிர்வாகம் ஆகியவற்றில் இவை வேறுபடும் விதத்தை அடுத்துவரும் அமர்வுகள் பேசும்.

இவ்வுரை வற்புறுத்த விரும்புவது வேறொன்று. ஒரு சர்வர் எத்தனை பேரைத் தாங்கும், ஆளுக்கு என்ன செலவாகும் என்னும் இரண்டு கணக்குகளைச் சுற்றியே ஒப்பீட்டு அட்டவணைகள் பெரும்பாலும் அமைகின்றன. சர்வர் வரைந்த காட்சியில் எவ்வளவு பணியாளரின் திரைக்கு வந்து சேர்ந்தது என்னும் கணக்கு அவற்றில் இடம்பெறுவது அரிது.

இக்குறையைக் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஜேசன் நியே, யாங், நவோமி நோவிக் ஆகியோர் 2001ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினர். அவர்களுடைய முறையை ‘மெல்லோட்ட அளவீடு’ எனலாம். வலைப்பின்னல் நெருக்கடியில் சர்வர் சில காட்சிகளை அனுப்பாமலே விட்டுவிடும். சர்வரில் மட்டும் நேரத்தைக் கணக்கிடுபவருக்கு அதுவே வேகமாகத் தெரியும். எனவே அவர்கள் ஒரு காணொளியை முதலில் நொடிக்கு ஒரு சட்டகம் வீதம் மெதுவாக ஓட்டி, முழுக் காட்சியும் வந்து சேர எவ்வளவு தரவு வேண்டும் என்பதைக் கம்பியில் ஓடும் தரவுப் பொட்டலங்களைக் கொண்டே அளந்தனர். பிறகு இயல்பான வேகத்தில் ஓட்டி, வந்த தரவை அதனோடு ஒப்பிட்டனர். இரண்டுக்குமுள்ள இடைவெளியே பணியாளர் இழந்த காட்சியாகும்.

இம்முறை ஆய்வகத்துக்கு மட்டுமே உரியது, இணைய வேகம் பெருகிவிட்ட பிறகு இதற்கு வேலையில்லை என்று இத்துறையின் மதிப்பிற்குரிய சிலர் நீண்டகாலமாக வாதிட்டு வந்துள்ளனர். காட்சியை விரித்து வரைய மேசைக் கணினி எடுக்கும் நேரம் பொட்டல அளவீட்டில் முழுமையாகப் பிடிபடுவதில்லை என்னும் அவர்களுடைய குறையை ஏற்கத்தான் வேண்டும். ஆனால் இன்றைய நெறிமுறைகள், அதாவது திரைக்காட்சியைக் கொண்டுசெல்லும் விதிமுறைகள், இணைப்பு நலிந்தால் தெளிவைத் தாமே குறைத்துக்கொள்கின்றன. இழப்பு முன்பைவிட நயமாக மறைவதால் அதை வெளிக்கொணரும் அளவையின் தேவை கூடியிருக்கிறதே அன்றிக் குறையவில்லை.

இணைய வேகம் பற்றிய வாதமும் நிற்பதில்லை. கம்பியின் கொள்ளளவு பெருகலாம். ஆனால் கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கி.மீ. தான் செல்லும். சென்னையிலிருந்து 13,000 கி.மீ.க்கும் அப்பாலுள்ள அமெரிக்க வர்ஜீனியாவின் சர்வருக்குப் போய்த் திரும்ப 130 மில்லிநொடியாவது ஆகும். டோலியா, ஆண்டர்சன், சத்தியநாராயணன் ஆகியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வு, 150 மில்லிநொடிக்குள் கிடைக்கும் மறுமொழியையே தடையற்றதாகக் கொள்கிறது. சர்வர் வேலைக்கு எடுக்கும் நேரத்தைச் சேர்க்காமலே அந்த வரம்பில் பெரும்பகுதி வழியிலேயே தீர்ந்துவிடுகிறது.

தமிழ்99 விசைப்பலகையில் ‘கொ’ என்று அடிக்கும் ஓர் எழுத்தரின் திரையில் இந்தத் தாமதத்தைக் கண்ணாரக் காணலாம். முதலில் ‘க’ தோன்றுகிறது. ‘ஒ’ விசையை அழுத்தியதும் அதற்கு முன்னே ஒரு குறியும் பின்னே ஒரு குறியும் சேர, ஏற்கெனவே நின்ற ‘க’ வலப்பக்கம் நகர்கிறது. மெய்நிகர் டெஸ்க்டாப்பில் இந்த நகர்வு சர்வரில் நிகழ்ந்து படமாகத் திரும்பி வரவேண்டியிருப்பதால், விரல் அடுத்த விசைக்குப் போனபிறகே முந்தைய எழுத்து இடம் மாறுகிறது. அடித்த எழுத்தை உள்ளூர்க் கணினியே முன்கூட்டி வரைந்து காட்டும் உத்தி, எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் வரிவடிவங்களுக்கு உதவும் அளவுக்கு இங்கு எளிதில் கைகொடுப்பதில்லை. ஆளுக்கான செலவைக் குறைத்த நிறுவனம் அந்த எழுத்தரின் நேரத்தை எந்தக் கணக்கிலும் எழுதுவதில்லை.

ஆகவே இங்கு படிக்கப்படும் ஒவ்வொரு கட்டுரையும், சோதனை எவ்வளவு தாமதமுள்ள இணைப்பில் நடந்தது, சர்வர் வரைந்த காட்சியில் எவ்வளவு திரையை அடைந்தது, எந்த மொழியில் தட்டச்சு செய்து பார்க்கப்பட்டது என்னும் மூன்றையும் தெரிவிக்க வேண்டும் என்பது தலைமையின் வேண்டுகோள். இவை இல்லாத அட்டவணை சர்வரை வாங்குபவருக்குப் பயன்படலாம்; திரையின்முன் எட்டு மணி நேரம் உட்கார்ந்து வேலை செய்பவரைப் பற்றி அது எதுவும் சொல்லாது. இவ்வேண்டுகோளை அவையின்முன் வைத்து இம்மாநாடு தொடங்கி வைக்கப்படுகிறது.