நடுவர் நாற்காலிக்கு யார் தகுதி?

தோட்டத்தில் ஒரு பிராது என்று வைத்துக்கொள்வோம். விசாரிக்க ஐந்து பேர் அமர்கிறார்கள். அவர்களில் ஒருவர் குற்றம் சாட்டப்பட்டவருக்கு மைத்துனர். இன்னொருவர் அவரோடு பல ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர். இவர்கள் சொல்லும் தீர்ப்பை யார் ஏற்பார்கள்?

பெரிய நீதிமன்றங்களுக்கும் இந்தக் கவலை உண்டு. பொதுமக்களில் சிலரை அழைத்து, 'இவர் குற்றவாளியா, இல்லையா?' என்று முடிவுசெய்யச் சொல்வது ஜூரி முறை. நம் மலேசியாவில் கொலை வழக்குகளை ஏழு பேர் கொண்ட ஜூரி கேட்டு வந்தது. 1995-இல் அம்முறை ஒழிந்தது. சிங்கப்பூர் 1969-இலேயே அதைக் கைவிட்டது. அமெரிக்காவில் இன்றும் இருக்கிறது.

அங்கே வழக்குத் தொடங்கும் முன், ஜூரியாக அழைக்கப்பட்டவர்களிடம் கேள்விகள் கேட்பார்கள். சில நீதிமன்றங்களில் நீதிபதி கேட்பார். பல இடங்களில் வழக்கறிஞர்களும் கேட்பார்கள். ஒருவர் நடுநிலையாக இருக்கமாட்டார் என்று காரணம் காட்டினால் நீதிபதி அவரை நீக்குவார். இதற்கு எண்ணிக்கை வரம்பில்லை. பெரும்பாலான இடங்களில், காரணம் சொல்லாமலே ஒரு சிலரை விலக்கும் உரிமையும் இரு தரப்புக்கும் உண்டு. அதற்கு மட்டும் வரம்புண்டு.

திருட்டு வழக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 'நீங்கள் நியாயமாக நடப்பீர்களா?' என்று கேட்டால், 'நடப்பேன்' என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அதனால் பயனில்லை. தேர்ந்த வழக்கறிஞர், 'உங்கள் வீட்டில் திருட்டு நடந்ததுண்டா? அப்போது மனம் எப்படி இருந்தது?' என்று கேட்டுவிட்டு, வாய்மூடிக் காதுகொடுப்பார். 'ஐயா, திருட்டு என்றாலே எனக்குக் கோபம் வருகிறது' என்று ஒருவர் சொன்னால் அவரைக் கடிந்துகொள்ளமாட்டார். 'சொன்னதற்கு நன்றி' என்பார். அவரைக் கடிந்தால் அடுத்தவர் உண்மையை மறைத்துவிடுவார் அல்லவா?

இந்த உரிமையைத் தவறாகவும் பயன்படுத்தினார்கள். கெண்டக்கி மாநிலத்தில் ஜேம்ஸ் பேட்சன் என்ற கறுப்பினத்தவர் மீது வீடு புகுந்து திருடியதாக வழக்கு. ஜூரிக்கு வந்திருந்த கறுப்பினத்தவர் நால்வரையும் அரசுத் தரப்பு வழக்கறிஞர் காரணம் கூறாமல் விலக்கினார். வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. பேட்சன் விடவில்லை. இனத்தைப் பார்த்து ஜூரியை விலக்குவது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 1986-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சந்தேகம் எழுந்தால், விலக்கியவர் இனம் சாராத காரணத்தைச் சொல்லியாக வேண்டும்.

நேயர்களே, ஒருவரின் தோலைப் பார்த்து அவர் மனத்தை அறிய முடியாது. கேட்டால்தான் அறியலாம். நம்மையும் நாளை கோயில் கணக்கு விசாரிக்கவோ, அண்டை வீட்டார் சச்சரவைத் தீர்க்கவோ அழைக்கலாம். அப்போது நம்மை நாமே முதலில் கேட்டுக்கொள்வோம்: 'இவர் மீது எனக்குப் பாசமோ பகையோ உண்டா?' உண்டென்றால், 'எனக்குப் பதில் வேறொருவரை வையுங்கள்' என்று எழுந்து சொல்வோம். அது கோழைத்தனம் ஆகாது. அதுவும் நீதிக்குச் செய்யும் தொண்டுதான்.