பவர் பத்திரமும் மருத்துவ முன்விருப்பமும்

(புணே கிளை உறுப்பினர் கூட்டத்தில் ஓய்வுபெற்ற வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரை)



செயலாளர் என்னை உயில் பற்றித்தான் பேசச் சொன்னார். உயில் நாம் போன பிறகு வேலை செய்வது. நாம் இருந்தும் வாய் திறக்க முடியாமல் கிடக்கும் நாட்களுக்கு என்ன ஏற்பாடு என்று யாரும் கேட்பதில்லை. பண்டிகை சமயத்தில் இதென்ன பேச்சு என்று மாமிகள் கோபிக்க வேண்டாம்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு மாமி என்னிடம் வந்தார். கணவருக்குப் பக்கவாதம், இருபது நாளாக நினைவில்லை. பிள்ளை அமெரிக்காவில். கணவர் பெயரில் மட்டும் இருந்த டெபாசிட்டை எடுத்தால்தான் ஆஸ்பத்திரி பில் கட்ட முடியும். "ரிஜிஸ்டர் பண்ணின ஜெனரல் பவர் என்கிட்ட இருக்கே!" என்று பத்திரத்தை நீட்டினார். பாங்க் அதை ஏற்கவில்லை.

பாங்க் மேல் தப்பில்லை. 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆவது பிரிவின்படி, பவர் கொடுத்தவர் காலமானாலோ சித்த சுவாதீனம் இழந்தாலோ பவர் முடிந்துபோகிறது. எந்த வேளைக்கென்று எழுதி வைத்தாரோ, அந்த வேளையில் அது வெறும் காகிதம். அமெரிக்காவில் சுவாதீனம் போன பிறகும் நீடிக்கும்படி பவர் எழுத முடியும். பிள்ளைகள் அதை நினைத்துக்கொண்டு இங்கும் அப்படித்தான் என்கிறார்கள், இல்லை. அந்த மாமி, தம்மைக் காப்பாளராக நியமிக்கும்படி உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியதாயிற்று.

ஆகவே பவர் எழுதுங்கள், ஆனால் அதையே நம்பியிருக்காதீர்கள். வைத்தியச் செலவுக்கான பணத்தைக் கூட்டுப் பெயரில், யாராவது ஒருவர் எடுக்கும்படியான சேமிப்புக் கணக்கில் வையுங்கள். கூட்டு டெபாசிட் என்றால், முதிர்வுக்கு முன் எடுக்க இருவர் கையெழுத்தையும் பாங்க் கேட்கலாம். படுக்கையில் இருந்தாலும் புத்தி தெளிவாக இருப்பவர் பவர் கொடுக்கத் தடையில்லை. விண்ணப்பித்தால் பதிவு அதிகாரி வீட்டுக்கே வருவார்.

வைத்தியம் பற்றிய முடிவு தனி விஷயம். மீளவே முடியாத நிலையில், உயிரை இழுத்துப் பிடிக்கும் கருவிகள் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9-ல் அங்கீகரித்தது. அப்போது மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டும் என்றிருந்ததால் பலரும் மலைத்துவிட்டார்கள். 2023 ஜனவரியில் அதைத் தளர்த்தினார்கள். இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியின் அத்தாட்சி, இவ்வளவு போதும். மனம் மாறினால் எழுத்து மூலம் ரத்து செய்யலாம். எழுதிவிட்டதால் டாக்டர் உடனே கருவியைப் பிடுங்கிவிட மாட்டார். இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்த்துச் சம்மதிக்க வேண்டும்.

நமக்காகப் பேசப்போகிறவர் பெயரையும் அதில் குறிப்பிட வேண்டும். இங்கேதான் எல்லோரும் தடுமாறுகிறோம். ரொம்பப் பாசமான பிள்ளையைவிட, டாக்டர் எதிரில் அழாமல் உட்கார்ந்து கேட்கக்கூடியவரே மேல். ஒருவருக்கு மேலும் போடலாம். பிரதியை அவர்களிடமும் குடும்ப டாக்டரிடமும் கொடுங்கள். பீரோவில் பூட்டினால் பிரயோஜனமில்லை.

என்னுடையதில் மருமகள் பெயரைப் போட்டிருக்கிறேன். பிள்ளைக்கு முதலில் மனத்தாங்கல். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரையும் உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன். பாதியில் அவன் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டான். திரும்பி வந்து, சாட்சிக்கு யாரை அழைக்கலாம் என்று கேட்டான்.

சந்தேகங்கள் இருந்தால் இப்போதே கேளுங்கள்.