திருடனா, திருடர்களா?

ஒரு நூலையோ படத்தையோ வேற்று மொழிக்குக் கொண்டு செல்வோர் முதலில் தொடுவது அதன் தலைப்பைத்தான். அங்கே பொருள் வழுவிவிட்டால், உள்ளே எத்துணைக் கவனத்துடன் மொழிபெயர்த்தாலும் பயன் குறைந்துபோகும். இதற்கு ஓர் உதாரணம், இத்தாலிய இயக்குநர் விட்டோரியோ டி சிகா 1948ஆம் ஆண்டில் எடுத்த படம். அதன் இத்தாலியத் தலைப்பின் நேர்ப் பொருள் ‘சைக்கிள் திருடர்கள்’ என்பதாகும். இங்கிலாந்தில் அது பன்மையிலேயே வழங்கியது. ஆனால் அமெரிக்காவில் ‘சைக்கிள் திருடன்’ என்று ஒருமையாக்கிவிட்டார்கள். பல்லாண்டுகள் கழித்து, 2007ஆம் ஆண்டில் க்ரைட்டீரியன் நிறுவனம் வீட்டில் பார்ப்பதற்கான தட்டாக அதனை அங்கே வெளியிட்டபோது, பன்மைத் தலைப்பே அட்டையில் இடம் பெற்றது.

‘ஒரு விகுதிக்காக இவ்வளவு பேச்சா?’ என்று நேயர்கள் கேட்கலாம். கதையைச் சற்று நினைவுகூர்வோம். போருக்குப் பிந்திய ரோம் நகரம். வேலையின்றித் திரியும் அந்தோனியோவுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. ஆனால் சொந்தச் சைக்கிள் வேண்டும் என்பது நிபந்தனை. அவனது சைக்கிளோ அடகில் இருக்கிறது. மனைவி மரியா கட்டில் விரிப்புகளை உருவி எடுத்து, அவற்றை அடகு வைத்துச் சைக்கிளை மீட்கிறாள். வேலையின் முதல் நாளிலேயே அது களவு போகிறது. தந்தையும் சிறுவன் புரூனோவும் நகரெங்கும் தேடி அலைகிறார்கள். திருடியவன் என்று ஐயுறத்தக்க இளைஞனைக் கண்டுபிடித்தும் சான்று இல்லை. முடிவில், மனம் உடைந்த தந்தை, பந்தாட்ட அரங்கின் அருகே வேறொருவனுடைய சைக்கிளைத் திருட முயன்று பிடிபடுகிறான். அழுதுகொண்டு நிற்கும் சிறுவனைக் கண்ட சைக்கிள் உரிமையாளர், அவனைப் போகவிடுகிறார்.

இப்போது தலைப்பைப் பாருங்கள். ‘திருடன்’ என்றால், முதலில் திருடியவன் ஒருவனே குற்றவாளி. நாம் அவனைக் கடிந்துகொண்டு நிம்மதியாக எழுந்து போகலாம். ‘திருடர்கள்’ என்றாலோ, நாம் இரக்கத்துடன் பின்தொடர்ந்து வந்த அந்த நல்ல மனிதனும் அச்சொல்லுக்குள் அடங்கிவிடுகிறான். வறுமை ஒருவனை எங்கே கொண்டு நிறுத்தும் என்ற கேள்வி அந்தப் பன்மையில்தான் இருக்கிறது.

இப்படம் நம் நாட்டுக்குப் புதியதன்று. 1952ஆம் ஆண்டில் பம்பாயில் தொடங்கி, சென்னைக்கும் வந்த முதல் சர்வதேசத் திரைப்பட விழாவில் இது காட்டப்பட்டது. அதற்கு முன்பே, 1950இல், சத்யஜித் ராய் லண்டனில் இதனைக் கண்டு, தாம் எடுக்க வேண்டிய படத்தின் வழியைத் தெரிந்துகொண்டார். நாம் வாழும் பெங்களூரில் 1971ஆம் ஆண்டில் ‘சுசித்ரா’ திரைப்படச் சங்கம் தோன்றியது. 1980இல் இந்நகரிலேயே சர்வதேசத் திரைப்பட விழாவும் நடந்தது. திரைப்படச் சங்கங்களின் காலத்தில் ஐரோப்பியப் படம் என்றால் ஒரு குறிப்பிட்ட மாலை, ஒரு குறிப்பிட்ட மண்டபம், அத்துடன் முடிந்தது. தவறவிட்டவர் மறுபடி என்று காண்போம் என அறியமாட்டார். 1982ஆம் ஆண்டின் ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வண்ணத் தொலைக்காட்சியும், அதன் பின்னே வீடியோ கேசட்டும் நடுத்தரக் குடும்பங்களில் நுழைந்தன. பின்னர் தட்டுகள் வந்தன. மண்டபத்தில் இருந்த படம் கூடத்து அலமாரிக்கு வந்து சேர்ந்தது.

இதனால் விளைந்த நன்மை பெரிது. நூலைப் போலப் படத்தையும் புரட்டிப் பார்க்க முடிகிறது. அடகுக் கடைக் காட்சியை எடுத்துக்கொள்வோம். மரியாவின் மூட்டையை வாங்கிய ஊழியன், அதை வைப்பதற்காக உயர்ந்த அடுக்குகளின் மேல் ஏறுகிறான். கூரையைத் தொடுமளவுக்கு அங்கே குவிந்திருப்பவை யாவும் இவளைப் போன்றோர் வைத்த மூட்டைகளே. அரங்கில் முதன்முறை பார்ப்பவர் கதையின் வேகத்தில் இதைக் கடந்துவிடக்கூடும். வீட்டிலோ நிறுத்தி வைத்துப் பார்க்கலாம். ஒரு குடும்பத்தின் கதை ஒரு நகரத்தின் கதையாக மாறுவதை அக்கணத்தில் உணரலாம். களவு போன சைக்கிளின் பெயர் ‘ஃபிதேஸ்’. லத்தீனில் அதற்கு ‘நம்பிக்கை’ என்று பொருள். இதுவும் இரண்டாம் பார்வையில் கிடைப்பதே.

ஆயினும் இழப்பும் உண்டு. எண்பத்தொன்பது நிமிடமே ஓடும் படத்தை, தொலைபேசிக்காக ஒரு முறை, அடுப்பில் வைத்த பாலுக்காக ஒரு முறை என நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறோம். தந்தையும் மகனும் அலைந்த களைப்பு நம்மை வந்து சேர்வதில்லை. படம் முடிந்தபின் அண்டை இருக்கைக்காரருடன் வாதிடும் வாய்ப்பும் இல்லை.

இவற்றினும் பெரிய குறை ஒன்று மொழிபெயர்ப்புத் தொழிலில் இருக்கும் நமக்குத் தோன்றுகிறது. அல்சூரிலோ சிவாஜிநகரிலோ ஒரு தமிழ்க் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். பாட்டிக்குத் தமிழ் மட்டுமே வாசிக்க வரும். பேரனுக்குக் கன்னடமும் ஆங்கிலமும் வரும். தமிழ் எழுத்து வராது. படமோ இத்தாலியம் பேசுகிறது. அடியில் ஓடும் வரிகள் ஆங்கிலம். வீட்டுக்குள் வந்துவிட்ட படம், வீட்டின் மூத்தவருக்கு மட்டும் வெளியிலேயே நிற்கிறது.

நம் இல்லத்திலும் இந்நிலைதான். வரிகளை உரக்கத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தோம். அடகுக் கடைக் காட்சி வந்ததும், அம்மா கையமர்த்தி, “இதற்குச் சொல்ல வேண்டாம். முதலில் நகை போயிருக்கும், பிறகு பித்தளைக் குடம் போயிருக்கும். இப்போது படுக்கை” என்றார்கள். அந்த வீட்டில் நகையையும் குடத்தையும் படம் காட்டவே இல்லை. ஆனால் அம்மா கண்டது மெய்தான்.

அடிவரிகளை நேரே தமிழில் அமைத்தால், சில இடங்களில் அவை ஆங்கிலத்தினும் மூலத்தை நெருங்கும். இத்தாலியத்தில் ‘நீ’ என்பதற்கும் ‘தாங்கள்’ என்பதற்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு. ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லில் மறைத்துவிடுகிறது. தமிழ் அவ்வேறுபாட்டை மீட்டுத் தரும். உடனே ஒரு சிக்கலும் எழும். இத்தாலிய மனைவி கணவனை ‘நீ’ என்றே அழைப்பாள். தமிழில் மரியா ‘நீ’ என்பதா, ‘நீங்கள்’ என்பதா? மூலத்துக்கு உண்மையாக இருப்பதா, கேட்பவர் செவிக்கு இணங்குவதா? இத்தகைய கேள்விகளை நம்மவர் அமர்ந்து ஆராய்ந்து விடை காண வேண்டும்.

தட்டு விற்பனை இன்று சுருங்கிவிட்டது. இணையவழிப் படச் சேவைகளில் உரிமைக் காலம் முடிந்ததும் ஒரு படம் சொல்லாமலே மறைந்துவிடுகிறது. ஆகையால் நல்ல படத்தட்டு வைத்திருப்போர் அதனைப் பழைய பொருளென்று ஒதுக்கிவிடலாகாது. வீட்டார் நால்வரையும் கூட்டி வைத்து, இடையில் நிறுத்தாமல், ஒரு மாலையில் முழுமையாகப் பார்க்க வேண்டும். பிறகு வேண்டிய காட்சியை நிறுத்திப் பார்க்கலாம். மொழி தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்ல வேண்டும். உரிமை பெற்றவர்களின் இசைவுடன் தமிழ் அடிவரிகளை உருவாக்கும் பணியைத் திரைப்படச் சங்கங்களும் தமிழ்ச் சங்கங்களும் மேற்கொண்டால், பெங்களூர்த் தமிழருக்கு மட்டுமன்றி எங்குள்ள தமிழருக்கும் அது பயன்படும். முதற்பணியாக இப்படத்தையே எடுத்துக்கொள்ளலாம். அப்போது தலைப்பைப் பன்மையிலேயே எழுதுவார்களாக.