ஸ்கேன் சொல்லும் நாள்கணக்கு



வாய்ப்புற்றுநோய்க்கு ஸ்கேன் எடுத்து முடிந்ததும் நோயாளி சட்டையை மாற்றப் போவார். அந்த நேரம் பார்த்து மகனோ மருமகனோ கதவோரம் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்பார்: "டாக்டர், எவ்வளவு நாள் தாங்கும்?" ஸ்கேன் அறையில் வேலை பார்க்கும் எங்களுக்கு இந்தக் கேள்வி கேட்காத வாரம் இல்லை. அதே கேள்வியை இப்போது உலகம் கணினியிடம் கேட்கத் தொடங்கியிருக்கிறது. படத்தைக் கொடுத்தால் ஆயுளைச் சொல்லுமா? இதைப் பற்றிப் பேசத்தான் என்னை அழைத்திருக்கிறீர்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓரளவு சொல்லும். ஆனால் அப்படிச் சொன்னது நோயாளிக்கு ஒரு வேலையாக மாற வேண்டும். மாறாவிட்டால் அந்தக் கணிப்பு எனக்கு வேண்டாம், உங்களுக்கும் வேண்டாம்.

2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 1,43,000 பேருக்கு உதட்டிலும் வாயிலும் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. 80,000 பேர் வரை இறந்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை தரும் மதிப்பீடு இது. உலக மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் நம் நாட்டுக் கணக்கு.

கணிப்பது புதிய வேலை இல்லை. "மூணாவது ஸ்டேஜாம்" என்று ஊரில் பேசிக்கொள்கிறோமே, அந்த ஸ்டேஜே ஒரு கணிப்புதான். கட்டி எவ்வளவு பெரிது, கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா, வேறு உறுப்புக்குப் போய்விட்டதா என்ற மூன்றையும் வைத்து பிரான்சில் பியர் தெனுவா என்ற அறுவை மருத்துவர் 1943க்கும் 1952க்கும் இடையே வகுத்த முறை இன்றும் நடக்கிறது. 2018இல் நடைமுறைக்கு வந்த அதன் எட்டாவது பதிப்பில் ஒரு பெரிய மாற்றம் செய்தார்கள். அதுவரை புண்ணின் அகலத்தைப் பார்த்தார்கள். இப்போது ஆழத்தையும் பார்க்கிறார்கள். நாக்கில் இரண்டு சென்டிமீட்டர் அகலத்தில் ஒரே மாதிரி இரண்டு புண்கள். ஒன்று நான்கு மில்லிமீட்டர் ஆழம், மற்றது பதினோரு மில்லிமீட்டர். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. முதலாவது கட்டி முதல் படியில் இருக்கிறது; இரண்டாவது அதைவிட மேல் படிக்குப் போய்விட்டது. அறுவைக்கு முன்பே இந்த ஆழத்தை எம்.ஆர்.ஐ. காட்டும். புண்ணைச் சுற்றிய வீக்கமும் சேர்வதால் ஓரிரு மில்லிமீட்டர் கூடுதலாகவே காட்டும். அதை மனத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

கன்னத்துப் புண்ணுக்கு ஸ்கேன் எடுப்பதை நீங்கள் யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள். படுத்திருப்பவரிடம், "வாயை மூடிக்கிட்டு கன்னத்தை பலூன் மாதிரி ஊதிக்கோங்க, அப்படியே வச்சிருங்க" என்று சொல்வோம். ஏன்? சாதாரணமாகக் கன்னமும் ஈறும் ஒட்டிக் கிடக்கும். கட்டி எங்கே தொடங்குகிறது, ஈறைத் தொட்டுவிட்டதா என்பது படத்தில் தெரியாது. காற்று நுழைந்து இரண்டையும் பிரித்தால் இடையே கறுப்பாக ஒரு பட்டை விழும். கட்டியின் ஓரம் துலங்கும். எச்சில் விழுங்கினால் படம் கலைந்துவிடும். பல்லில் உலோகம் அடைத்திருந்தால் அதிலிருந்து கிளம்பும் கோடுகள் படத்தின் குறுக்கே பாயும். பாக்கும் குட்காவும் மென்று வாய் இறுகிப்போன மனிதர், வலியோடு, சில விநாடி கன்னத்தை ஊதிப் பிடித்திருப்பதன் மேல்தான் இத்தனை கணிப்பும் நிற்கிறது. கணினியைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தச் சில விநாடிகளை மறந்துவிடக்கூடாது.

அந்தப் படத்தில் ஒரு இடத்தைத் தேடுவோம். கீழ்த்தாடை எலும்பு காதுப் பக்கம் மேலேறும் இடத்தில், உச்சியில் ஒரு பள்ளம் இருக்கிறது. கட்டி மெல்லும் தசைகளுக்குள் புகுந்துவிட்டால் மிக முற்றிய நிலை என்று புத்தகம் ஒரே பெட்டியில் போட்டுவிடும். தைவானிலும் இந்தியாவிலும் கன்னப் புற்றுநோயை நாள்தோறும் பார்க்கும் அறுவை மருத்துவர்கள் வேறொன்றைக் கண்டார்கள். கட்டி அந்தப் பள்ளத்துக்குக் கீழேயே நின்றிருந்தால் முழுதாக வெட்டியெடுக்க முடிகிறது, நோயாளிகள் பிழைக்கிறார்கள். மேலே போயிருந்தால்தான் கடினம். ஆக, படத்தில் மனத்தால் இழுக்கும் ஒரு கோடு, "கைவிட்டாச்சு" என்று வீட்டுக்கு அனுப்பவிருந்தவரை அறுவை மேசைக்குக் கொண்டுவருகிறது. நான் கேட்கும் கணிப்பு இப்படிப்பட்டது.

சரி, எல்லாமே படத்தில் தெரிந்துவிடுமா? தெரியாது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் ஆய்வு 2015இல் வெளியானது. வாயில் சிறிய கட்டி, கழுத்தில் நெறி எதுவும் தென்படாத நோயாளிகள். ஒரு பகுதியினருக்குக் கட்டியோடு சேர்த்துக் கழுத்து நிணநீர்க் கணுக்களையும் எடுத்தார்கள். எடுத்ததைச் சோதித்தால், ஏறக்குறைய பத்தில் மூன்று பேருக்கு நோய் அங்கே ஒளிந்திருந்தது. மூன்றாண்டு கழித்து, அப்படிக் கணுக்களையும் எடுத்துக்கொண்டவர்களில் 80 விழுக்காட்டினர் உயிரோடு இருந்தார்கள். கணு வீங்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று விட்டவர்களில் 67.5 விழுக்காட்டினர். கழுத்தில் ஒன்றும் தெரியவில்லை என்றால் ஒன்றும் இல்லை என்று பொருளாகாது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

இந்த இடத்தில்தான் கணினி வந்து, "உங்கள் கண்ணுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும்" என்றது. 2014இல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரைச் சேர்ந்த குழு 1,019 புற்றுநோயாளிகளின் சி.டி. படங்களிலிருந்து 440 அளவீடுகளைப் பிழிந்தெடுத்தது. கட்டியின் வடிவம், உள்ளே கறுப்பு வெளுப்பு எப்படிக் கலந்திருக்கிறது, எவ்வளவு சொரசொரப்பு என்றெல்லாம். நுரையீரல் நோயாளிகளின் படத்தில் கற்றுக்கொண்ட ஒரு சூத்திரம் தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளின் ஆயுளையும் கணித்தது. மருத்துவ உலகமே வியந்தது.

ஐந்தாண்டு கழித்து, கனடாவில் டொரன்டோ நகரத்து ஆய்வாளர்கள் ஒரு காரியம் செய்தார்கள். கட்டிக்குள் இருக்கும் புள்ளிகளை எல்லாம் கணினியில் கலைத்துப் போட்டார்கள். சொரசொரப்பு போயிற்று, கலவை போயிற்று, எல்லாம் குப்பை. அதற்குப் பிறகும் அந்தச் சூத்திரம் அதே அளவு சரியாகக் கணித்தது! ஒரு நாவலின் எழுத்துகளை எல்லாம் கலைத்துப் போட்ட பிறகும் விமர்சகர் அதே மதிப்பெண் கொடுக்கிறார் என்றால் என்ன பொருள்? அவர் நாவலைப் படிக்கவே இல்லை, தடிமனைப் பார்த்திருக்கிறார். அந்தச் சூத்திரமும் பெரும்பாலும் கட்டியின் கனஅளவைத்தான் சுற்றிவளைத்துச் சொல்லிக்கொண்டிருந்தது. முதல் ஆய்வைச் செய்தவர்களை நான் குறை சொல்லவில்லை. இரண்டாம் ஆய்வைச் செய்தவர்களுக்குத் தலைவணங்குகிறேன். அறிவியல் தன்னைத் தானே சோதித்துப் பார்த்த நாள் அது.

அதே டொரன்டோவில் 2,552 தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளின் படங்களை வைத்துப் பல கணிப்பு முறைகளைப் போட்டியிட வைத்தார்கள். 2023இல் முடிவு வெளிவந்தது. முதலில் வந்தது, மருத்துவக் குறிப்புகளோடு கட்டியின் கனஅளவை மட்டும் சேர்த்துக்கொண்ட முறை. அதன் தேர்ச்சி ஏறக்குறைய 0.8. அதாவது, இரண்டு நோயாளிகளைக் காட்டி இவர்களில் யாருக்கு ஆபத்து முந்தும் என்று கேட்டால், பத்து முறையில் எட்டு முறை சரியாகச் சொல்லும். கதவோரம் நிற்கும் மகனுக்கு அது மாதக் கணக்குச் சொல்லாது. அவருடைய அப்பாவின் கணிப்பு சரியாகும் எட்டில் விழுமா, தவறும் இரண்டில் விழுமா என்றும் சொல்லாது.

இன்னொன்று, இதுதான் என்னை உறுத்துவது. அந்த டொரன்டோ நோயாளிகள் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்கள். மேற்கு நாடுகளின் படத் தொகுப்புகளில் நிறைந்திருப்பது தொண்டைப் புற்றுநோய். அதில் பெரும்பகுதி எச்.பி.வி. என்ற வைரஸால் வருவது, சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படுவது. நம் ஊரில்? கன்னம், ஈறு, நாக்கு. காரணம் புகையிலை, பாக்கு. முதல் சிகிச்சை அறுவை. இடம் வேறு, காரணம் வேறு, வைத்தியம் வேறு. அவர்கள் தொண்டையில் கற்றுக்கொண்ட சூத்திரத்தை நம்மவர் கன்னத்தில் பொருத்திப் பார்த்து ஒருவருடைய ஆயுளைச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். நம் படங்களில் கற்பிக்க வேண்டும். அதற்குப் படம் மட்டும் போதாது. ஸ்கேன் எடுத்தவர் மூன்றாண்டு கழித்து எப்படி இருக்கிறார் என்பதும் தெரிய வேண்டும். அடையாறு புற்றுநோய் மையம் 1980களின் தொடக்கத்திலிருந்து சென்னைக்கான புற்றுநோய்ப் பதிவேட்டைப் பொறுமையாகக் காத்து வருகிறது. அந்தப் பொறுமை ஒவ்வொரு மாவட்ட மருத்துவமனைக்கும் வேண்டும். நோயாளியின் போன் நம்பர் மாறிவிட்டது என்பதோடு கோப்பை மூடிவிட்டால் எந்தக் கணினிக்கு எதைக் கற்பிப்பது?

இவ்வளவுக்கும் நடுவே, இன்றைக்கே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. கழுத்து ஸ்கேனில் கட்டி மட்டுமா விழுகிறது? கழுத்துத் தசைகளும் விழுகின்றன. மூன்றாம் கழுத்தெலும்பு மட்டத்தில் ஒரே ஒரு படத்தை எடுத்துத் தசையின் பரப்பை அளந்தால் உடம்பு முழுவதன் தசை வளத்தை மதிப்பிடலாம் என்று நெதர்லாந்தின் உட்ரெக்ட் மருத்துவர்கள் 2016இல் காட்டினார்கள். தசை வற்றியவர்களுக்கு மருந்தின் நச்சு அதிகம் தாக்குகிறது, ஆயுளும் குறைகிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. வாய் திறக்க முடியாமல், காரம் பட்டால் எரிந்து, கஞ்சித் தண்ணீரிலேயே காலம் தள்ளியவருக்குத் தசை வற்றாமல் என்ன செய்யும்? தனியாக இன்னொரு ஸ்கேன் வேண்டாம், செலவு வேண்டாம். படம் ஏற்கெனவே கையில் இருக்கிறது.

ஆகவே, இந்த அவையில் இருக்கும் மருத்துவர்களிடமும் மருத்துவமனை நடத்துபவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். ஸ்கேன் அறிக்கையில் ஒரு வரி சேருங்கள்: தசை எப்படி இருக்கிறது என்று. அந்த வரியைப் பார்த்ததும் உணவியல் நிபுணரைக் கூப்பிடுங்கள். தேவைப்பட்டால் அறுவை தேதி வரும்வரை காத்திராமல் மூக்குவழிக் குழாய் போட்டு முட்டையும் பாலும் பருப்பும் உள்ளே போக வழி செய்யுங்கள். வீட்டார், கதவோரம் வரும்போது "எவ்வளவு நாள் தாங்கும்?" என்று கேட்பதோடு, "அப்பாவுக்கு நாங்கள் என்ன கொடுக்கட்டும்?" என்றும் கேளுங்கள். அதற்கு எங்களிடம் பதில் இருக்கிறது.