குறும்பின் நோக்கம்

உபாத்தியாயர் கரும்பலகையின் பக்கம் திரும்பிய மாத்திரத்தில் பெஞ்சைத் தட்டுகிறவனையும், அடுத்தவன் நோட்டுப்புத்தகத்தில் மை தெளிக்கிறவனையும் துஷ்டர்கள் என்று பட்டம் சூட்டி மூலையில் நிறுத்திவிடுவது எங்கும் உள்ள வழக்கமே. ஆனால் 1897-இல் வியன்னாவில் பிறந்து, உளவியல் அறிஞர் ஆல்பிரட் அட்லரின் சிந்தனை வழிவந்த மனநோய் மருத்துவர் ருடால்ஃப் டிரைக்கர்ஸ், குழந்தையின் எந்தச் சேஷ்டையும் நோக்கமற்றதன்று, கூட்டத்தில் தனக்கும் ஓர் இடம் வேண்டும் என்ற தாகமே தவறான வழியில் அவ்விதம் வெளிப்படுகிறது என்று கருதினார்.

அத்தவறான நோக்கங்களை அவர் நான்காக வகுத்தார்: கவனத்தைக் கவர்தல், அதிகாரத்துக்குப் போட்டியிடல், பழிவாங்கல், தன்னால் ஒன்றும் ஆகாதென்று காட்டி ஒதுங்குதல். இவற்றுள் எது என்று கண்டறிய அவர் சொன்ன உபாயம் விசித்திரமானது: மாணவனை ஆராயுமுன் ஆசிரியர் தம் மனத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வெறும் எரிச்சல் எழுந்தால் அவன் நாடுவது கவனம். ‘நீயா, நானா பார்த்துவிடலாம்’ என்ற ரோஷம் எழுந்தால் அதிகாரம். மனம் புண்பட்டால் பழி. ‘இனி இவனை என்ன செய்வது’ என்று கை சோர்ந்தால், அவன் நம்பிக்கையிழந்தவன்.

கவனத்துக்காகப் பெஞ்சைத் தட்டுகிறவன், அதட்டினால் கணநேரம் அடங்கி மறுபடி ஆரம்பிப்பான். ஏனெனில் அவன் விரும்பிய பார்வை அந்த அதட்டலிலேயே அவனுக்குக் கிடைத்துவிடுகிறது. அவன் அமைதியாக இருக்கும் வேளையில் அழைத்து, கணக்கொன்றைப் பலகையில் போடச் சொல்லும் ஆசிரியர், அவன் தேடிய ஸ்தானத்தை நேர்வழியில் கொடுத்துவிடுகிறார். ஆயினும் பசியாலும், பலகையெழுத்துத் தெரியாத கண்பார்வைக் குறையாலும் நிலைகொள்ளாத பிள்ளைகளும் உண்டாதலால், நோக்கத்தைத் தேடுமுன் இவ்விரண்டையும் விசாரித்துவிடுவது உத்தமம்.